பெரியவருக்கும் எனக்கும் நடுவில் ஓம முறுக்கு

நான் செய்த தேயிலையை ஒரு பெரிய வியாபாரிக்குக் குடிக்கக் கொடுக்கப் போனதில் மொத்தச் செலவு 34,750 ரூபாய். மூன்று நாள் வேலை கெட்டது. அதற்குக் கிடைத்த பலன், பெரியவர் குடித்து முடித்த கோப்பையின் அடியில் கரையாமல் கிடந்த சீனியைப் பார்த்த புண்ணியம். முகத்தைப் பார்க்கவில்லை. இடது காது, பின்தலை, சாம்பல் நிறச் சால்வை, இவ்வளவுதான்; அதுவும் ஹோட்டல் நடைக்கூடத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியைப் பார்த்தது. பேர் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் வியாபாரம் என்றதும் ஞாபகத்துக்கு வரும் நாலைந்து பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் என் பைக்குள் இருந்தது. அது என்ன என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது தப்பியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

இலங்கையின் ஊவா மலைநாட்டில், அப்புத்தளைப் பக்கம் எனக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. அதற்கு முன்னால் பதினொரு வருடம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கராக இருந்தேன். இப்போது கையால் உருட்டிக் கொஞ்சம் கருந்தேயிலையும், மொட்டை மட்டும் கிள்ளிக் காயவைத்துச் சில்வர் டிப்ஸும் செய்கிறேன். செய்வது பழகிய வேலை. விற்பதில்தான் முழி பிதுங்குகிறது. என்னைப் போலச் சின்னதாகச் செய்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஒரு பைத்தியம் பிடிக்கும்: பெரிய ஆள் ஒருவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டால் போதும், மிச்சம் தானாக நடக்கும் என்று. எங்கள் ஊரும் அதற்கு ஒரு காரணம். 1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டம் வாங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தம்பேதென்னைக்கு மேலே, அவர் உட்கார்ந்து மலைகளைப் பார்த்த லிப்டன் சீட்டில் இப்போது சிலையாக உட்கார்ந்திருக்கிறார். நேரம் குறிக்காமல், செக்ரட்டரியைக் கேட்காமல் பக்கத்தில் போய் உட்காரக்கூடிய ஒரே பெரிய வியாபாரி அவர்தான். காலையில் வெள்ளென ஏறிவிடுங்கள். பிந்தினால் பனி மூடி, அவரும் தெரியமாட்டார் மலையும் தெரியாது.

உயிரோடு இருப்பவருக்கு முதலில் கடிதம் எழுதினேன். ஒரு வருடத்தில் மூன்று, மூன்றும் இங்கிலீஷில், மூன்றும் தலைவர் பேருக்கு. ஒன்றுக்கு மட்டும் 'கடிதம் கிடைத்தது, நன்றி' என்று பதில் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டாத குறை. எங்கே பிழை விட்டேன் என்பது பிறகுதான் விளங்கியது. பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் தலைவர் தேயிலை வாங்குவதில்லை. வாங்குகிறவர், டேஸ்டிங் ரூமில் நீளமாக அடுக்கிய கோப்பைகளைக் காலையிலிருந்து உறிஞ்சித் துப்பிக்கொண்டே நகரும் ஒரு மனிதர். கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது 1883 இல். இப்போது ஏலம் கம்பியூட்டருக்குப் போய்விட்டது, ஆனால் ஏலத்துக்கு முன்னால் தரகர்கள் அனுப்பும் மாதிரியை ஒரு நாக்கு தொட்டுப் பார்த்துத்தான் விலை முடிவாகிறது. மாதிரி போக வேண்டியது அந்த நாக்குக்கு. உறையின் மேல் 'தேயிலைக் கொள்வனவுப் பிரிவு' என்று எழுதி, 50 கிராம் பைக்கட் இரண்டை உள்ளே வைத்திருந்தால் தபால் செலவோடு காரியம் முடிந்திருக்கும். பதினொரு வருடம் ஸ்டோரில் கிடந்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தலைவர் என்ற சொல் கண்ணை மறைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நுவரெலியாவிலிருந்து சித்தப்பா மகன் கோல் எடுத்தான். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில், தேத்தண்ணி தயாரித்துத் தட்டில் வைக்கும் பேன்ட்ரியில் வேலை. "அண்ணே, வெள்ளிக்கிழம அவரு வாறாரு. ரெண்டு நாளு. சாயங்காலம் நாலரைக்குத் தேத்தண்ணி. நீ வா, பத்து நிமிஷம் நான் எடுத்துத் தாறேன்." சந்தோசத்தில் நான் கேட்க மறந்த கேள்வி ஒன்றே ஒன்று: அவன் வேலை என்ன? பேன்ட்ரியில் நிற்பவன் கையில் கோப்பை இருக்கிறது, சந்திப்பு இல்லை. சந்திப்பு இருப்பது செக்ரட்டரி கையில். தம்பி பொய் சொல்லவில்லை. அவனால் முடிந்தது தேத்தண்ணியை அவர் வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதைச் செய்துவிட்டான். யார் எதை எடுத்துத் தருகிறேன் என்று சொன்னாலும், அந்த ஆள் தினமும் தொடுகிற பொருள் எது என்று பாருங்கள். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

இனி மாதிரி தயாரித்த கதை. இது நடந்தது போன ஓகஸ்டில். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிட்டுக் காய்ந்த காற்றாக இறங்கும். அந்த வறட்சியில் கொழுந்து தவித்து வளர்வதால்தான் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம். சில்வர் டிப்ஸுக்கு 2043 என்ற இனத்தின் மொட்டுதான் நல்லது. ரோமம் அடர்த்தி, காய்ந்தால் வெள்ளி மாதிரி நிற்கும். விரியாத மொட்டாக, நகம் படாமல், பனி உலர்ந்த பிறகு கிள்ள வேண்டும். ஈரத்தோடு கிள்ளினால் காயும்போது கறுக்கும். கசங்கினாலும் கறுக்கும். இரண்டு பேர் இரண்டு நாள் கிள்ளியும் பச்சையில் 2 கிலோவைத் தாண்டவில்லை. கூலி 8,000. காய்ந்து கையில் வந்தது 420 கிராம். இது நியாயமான கணக்குத்தான். தேயிலை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே நிற்கும்.

காய்ந்த தேயிலையில் ஈரம் 3 சதவீதம் அளவில் இருந்தால் நல்லது. 7க்கு மேல் போனால் வாசம் செத்துவிடும், வைத்திருந்தால் பூஞ்சையும் வரும். மீட்டர் இல்லாதவர்கள் ஒரு மொட்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள், 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. இன்னொன்று, சூடு ஆறாமல் பைக்கட்டில் போடக்கூடாது. உள்ளே வியர்க்கும். இதையெல்லாம் நான் சரியாகச் செய்தேன். உள்ளே அலுமினியம் ஒட்டிய பைகளும் ஸ்டிக்கரும் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். ஆனால் சூடு வைத்து ஒட்டும் மெஷின் இல்லை. வாயை மடித்து டேப் ஒட்டினேன். மெழுகுதிரியில் காட்டி ஒட்டியிருந்தாலும் போதும், அதையும் செய்யவில்லை.

அங்கேதான் சனி புகுந்தது. தேயிலை என்பது ஒரு பஞ்சு. காய்ந்த இலை பக்கத்தில் இருக்கும் ஈரத்தையும் வாசத்தையும் ஒன்று விடாமல் குடிக்கும். அதனால்தான் ஸ்டோரில் தேயிலை கட்டும் அறைக்குள் சவர்க்காரம், மண்ணெண்ணெய், பெயின்ட் எதையும் விடமாட்டார்கள். நானே எத்தனை பையன்களை இதற்காக ஏசியிருப்பேன். அப்படிப்பட்டவன் பிரயாணப் பையில், தேயிலைப் பைக்கட்டுகளுக்கு மேலே, அம்மா ஒரு டப்பா ஓம முறுக்கு வைத்தார்கள். "வழியில பசிக்கும்யா." டப்பா மூடி சரியாகப் பொருந்தாது, அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. என் மனம் முழுக்கப் போட்டுக்கொண்டு போகும் சேட்டில் இருந்தது. புதுச் சேட் 4,200 ரூபாய். சப்பாத்து மச்சானுடையது, ஒரு அளவு சின்னது. வழியில் வாயைப் பிளந்து, தைக்க 350.

ரயிலில் போகாமல் பஸ்ஸில் போனேன். நானுஓயா ஸ்டேஷன் நுவரெலியா டவுனிலிருந்து எட்டு ஒன்பது கிலோமீற்றர் தள்ளி. இறங்கினால் மறுபடி பஸ்ஸுக்கோ திரீவீலுக்கோ நிற்க வேண்டும். அப்புத்தளையிலிருந்து வெலிமடைக்குப் போய் அங்கே நுவரெலியா பஸ் பிடித்தால் நேரே டவுன். ஆனால் தேயிலை கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெலிமடை வரைக்கும் வெயில், காய்ந்த புல்மலை. ஹக்கலை ஏறியதும் முகில் வந்து பஸ்ஸின் கண்ணாடியில் மோதும். அதே கச்சான் காற்று அந்தப் பக்கத்துக்குக் கொடுப்பது தூறலும் ஈரமும். காய்ந்த ஊரில் செய்த தேயிலையை, வாய் சரியாக ஒட்டாத பையில், ஓம முறுக்குக்குக் கீழே வைத்து, ஈரமான ஊருக்குக் கொண்டுபோய், இரண்டு இரவு ஒரு அறையில் வைத்திருந்தேன். தேயிலையைக் கெடுக்க இதைவிட ஒழுங்கான முறை எனக்குத் தெரியாது. அறை வாடகை ஒரு இரவுக்கு 5,500. ஏப்ரல் சீசன் என்றால் அந்த விலைக்கு அறை வாசலில் நிற்கக்கூட விடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பெரியவர் வரவில்லை; பாதையில் பிந்தி இரவுதான் வந்து சேர்ந்தாராம். நாலரை மணிக்கு ஹோட்டல் பின்வாசலில் போய் நின்றவன், ஆறரைக்கு நனைந்துகொண்டு திரும்பினேன். இப்படி ஒரு காரியத்துக்குப் போகிறவர்கள் ஒரு நாள் வீணாகும் என்று முதலிலேயே கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள், காசையும் மனதையும். எனக்கு அன்று ராத்திரி அழுகை வராத குறை. இரண்டு தரம் பையைக் கட்டி இரண்டு தரம் அவிழ்த்தேன். முறுக்கு டப்பாவை மட்டும் வெளியே எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தம்பி எப்படியோ செக்ரட்டரியிடம் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். நல்ல மனுசி, கொழும்புத் தமிழ், எழும்பி நின்று பேசினார். நான் 14 பக்க ஃபைலை நீட்டினேன். கலரில் இரண்டு பிரதி எடுக்க 2,240 ரூபாய் கொடுத்த ஃபைல். முதல் பக்கத்தில் சூரிய உதயம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை ஒரு பக்கத்தில எழுதித் தாங்களேன். என்ன சாமான், மாசம் எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, சபைப் பதிவு நம்பர், ஃபோன் நம்பர். அவ்வளவும் போதும்" என்றார். இந்த ஐந்தில் மூன்று என் 14 பக்கத்தில் இல்லவே இல்லை. தேயிலைச் சபையின் பதிவு இலக்கம் வீட்டில் அலுமாரிக்குள் இருந்தது. விலையை ஆளைப் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். "மாசம் எத்தனை கிலோ" என்றதற்கு, "எவ்வளவு கேட்டாலும் செய்யலாம் மெடம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகப் பெரிய பொய் அது. அரை ஏக்கரின் கொழுந்து முழுவதையும் கருந்தேயிலையாகச் செய்தாலும் வருடத்துக்கு 400 கிலோ வந்தால் பெரிய காரியம். இவர்கள் அனுப்புவது கண்டெய்னரில். 20 அடிக் கண்டெய்னர் ஒன்றில் சுமார் 10 டன் போகும். அதை நான் தனியாக நிரப்ப 25 வருடம் வேண்டும். முதல் வருடத் தேயிலை அதற்குள் தாத்தா ஆகிவிடும். ஆகவே உங்கள் உண்மையான கிலோவைத் தெரிந்துகொண்டு போங்கள், வெட்கப்படாமல் சொல்லுங்கள். சின்ன அளவுக்கென்றே தனியாக வாங்கும் பிரிவு சில கம்பெனிகளில் இருக்கிறது. ஆனால் 'எவ்வளவு கேட்டாலும்' என்று சொல்பவனை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது?

"சேரைப் பார்க்க இண்டைக்கு ஏலாது ஐயா, சாம்பிளைக் குடுங்க" என்றார் அவர். அப்போதே கொடுத்திருக்கலாம். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

ஊற்றும் முறையைத் தம்பிக்கு வாயால் சொன்னேன்: 200 மில்லி தண்ணீருக்கு 3 கிராம், 80 பாகைச் சூடு, ஐந்து நிமிடம், பால் சீனி கூடாது. சூடு பார்க்கக் கருவி வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம் என்பதால் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதை ஒரு வெறும் கோப்பையில் ஊற்றி, அதிலிருந்து இன்னொரு கோப்பைக்கு மாற்றி, பிறகு தேயிலையில் ஊற்றினால் ஏறக்குறைய 80க்கு இறங்கியிருக்கும். (கருந்தேயிலைக்கு இது நேர்மாறு. அந்த உயரத்தில் சூடு போதாமல் சாயம் மந்தமாக இறங்கும். தேத்தண்ணி ஊறவைக்கும் பாத்திரத்தை முதலில் வெந்நீரில் கழுவிச் சூடாக்கி, முழுதாக ஆறு நிமிடம் விட வேண்டும். டேஸ்டிங் ரூமிலும் ஆறு நிமிடம்தான், 100 மில்லிக்கு 2 கிராம்.) எல்லாவற்றையும் தம்பி தலையாட்டிக் கேட்டான். நாலு மணிக்கு அவன் ஷிஃப்ட் முடிந்தது.

அடுத்த ஷிஃப்டில் வந்த பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் முன்னால் வைக்கோல் மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பார்த்தான், சாயம் இறங்கவில்லை. பழுதான தேயிலை என்று நினைத்து இன்னும் இரண்டு கரண்டி போட்டான். அப்போதும் இறங்கவில்லை. பெரியவருக்குப் பால் தேத்தண்ணி, இரண்டு சீனி என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. அதன்படி பாலும் சீனியும் போட்டுக் கலக்கித் தட்டில் வைத்தான். நான் ஓடி வந்தபோது தட்டு நடைக்கூடத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. கதவுக்கு அப்பால் போக எனக்கு அனுமதி இல்லை. அந்தச் சால்வையும் காதும் தெரிந்தது அப்போதுதான். ஒரு கை கோப்பையை எடுத்தது. அந்தக் கோப்பை மேலே போனதையும் சாய்ந்ததையும் பார்த்துக்கொண்டு, மச்சானின் சப்பாத்துக்குள் கால் நோக நின்றேன். ஊற்றும் முறையை இரண்டே வரியில் பைக்கட்டின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். நான் இல்லாத இடத்தில் எனக்குப் பதிலாகப் பேச வேண்டியது அந்த ஸ்டிக்கர். அதில் நான் போட்டிருந்தது ஒரு தேயிலைக் கொழுந்தின் படமும் என் பேரும்.

கோப்பை காலியாகத் திரும்பி வந்தது. கால் மணி நேரத்தில் செக்ரட்டரியும் வந்தார், முகத்தில் சிரிப்பு.

"ஐயா, சேர் கேக்கச் சொன்னவர். இது ஓமம் போட்ட டீயோ? சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க நல்லா இருக்குமாம். மாசம் எத்தனை கிலோ வரும்?"

எனக்கு ஒரு நிமிடம் காது அடைத்துவிட்டது. வருடக்கணக்காகக் காத்திருந்த கேள்வி, நான் செய்யாத சாமானைப் பற்றி வந்திருக்கிறது. கோப்பையை எடுத்து மோந்து பார்த்தேன். பால், சீனி, ஓமம். மூன்றும் இருந்தன. ஊவாக் காற்றைத்தான் காணவில்லை.

"ஓமம் போடுறதில்ல மெடம். அது முறுக்கு" என்றேன். அவர் நோட்டில் 'முறுக்கு' என்று எழுதிக்கொண்டார்.

"அப்ப கிலோ?"

"ஒன்றரை வரும்."

"டன்னோ?"

"கிலோ."

பெரியவர் ஞாயிற்றுக்கிழமை விடிய முன்னமே போய்விட்டார். மிச்சமிருந்த பைக்கட் அனைத்தையும், இரவில் கையால் எழுதிய ஒரு பக்கத்தையும், அலுமாரியில் தேடி அம்மா போனில் வாசித்துக் காட்டிய பதிவு இலக்கத்தையும் செக்ரட்டரியிடம் கொடுத்தேன். 'ஓம வாசம் பிரயாணத்தில் பட்டது, தேயிலையின் குணம் அல்ல' என்றும் எழுதினேன். போக வர பஸ் 760, திரீவீல் 1,400, மூன்று நாள் சாப்பாடு 3,600. இவையும் சேர்ந்துதான் முதலில் சொன்ன கணக்கு.

உண்மையான நட்டம் இதற்குப் பிறகு வந்தது. ஐந்து கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு கோல், டேஸ்டிங் ரூமிலிருந்து. ஓமத்துக்கு அடியில் ஏதோ ஒன்று இருக்கிற மாதிரிப் படுகிறதாம். அதே தொகுதியில், அதாவது அதே தடவை கிள்ளிச் செய்ததில், ஓம வாசம் படாமல், 250 கிராம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். என்னிடம் ஒரு கிராம்கூட இல்லை. அடித்துப் பெருக்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். காற்றும் திரும்பி, மழைக் கொழுந்து வரத் தொடங்கிவிட்டது. இதே சாமானை நீங்கள் யாருக்குக் கொடுத்தாலும், கொடுத்ததைவிடக் கூடவே அதே தொகுதியிலிருந்து வீட்டில் வையுங்கள். வாயை நன்றாக ஒட்டி, கிள்ளிய திகதியும் தொகுதி இலக்கமும் எழுதி, அடுப்படிக்கும் சாமி அறைக்கும் தூரமாக வையுங்கள். சாம்பிராணி ஓமத்தைவிட மோசம். அவர்கள் கேட்பது அன்றைக்கு இல்லை, ஒரு மாதம் கழித்துத்தான். கேட்கும்போது குடித்த அதே சாமான் வேண்டும். வேறொன்றை அனுப்பி அதுதான் இது என்று சொன்னால் ஒரே உறிஞ்சலில் பிடித்துவிடுவார்கள். நான் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். "அப்ப அடுத்த ஓகஸ்டுக்குப் பார்ப்பம்" என்றார்.

இப்போது ஜூலை. காற்று தொடங்கிவிட்டது. பை ஒட்டும் மெஷின் வாங்கிவிட்டேன். மாதிரி இந்த முறை கூரியரில் தனியாகப் போகும், நான் போகவில்லை.

அம்மாவிடம் இந்தக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். முறுக்கால்தான் எல்லாம் கெட்டது என்பதைக் கொஞ்சம் மெதுவாகவே சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "அது சரி, அவருக்கு ஒரு முறுக்காவது குடுத்தியா?" என்றார்கள். டப்பாவைப் பேன்ட்ரிப் பையன்கள் காலி பண்ணிவிட்டார்கள் என்று இன்னும் சொல்லவில்லை.